கோடு இறங்காத நாள்

போடியில் பிறந்தவர்களுக்கு ‘மேலே’ என்றால் மலை. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனவரை, "மேல போயிருக்காரு" என்போம். திரும்பினால், "கீழ வந்துட்டாரு." இதற்கெல்லாம் விளக்கம் வேண்டும் என்பதே மதுரைக்குப் படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதுகலை இரண்டாம் ஆண்டில், தகவல்களைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்று எங்கள் துறைக்கு வந்தது. அதுவரை வரைபடத் தாளையும் பென்சிலையும் வைத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். வந்த வேகத்தில் ஆளாளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. விடுதி சாம்பார் எந்தெந்தக் கிழமையில் தண்ணீராக இருக்கிறது என்றுகூட ஒருத்தி வண்ணப்படம் போட்டாள். சொந்த வாழ்க்கையிலிருந்து தகவல் எடுத்து ஒரு படம் செய்யுங்கள் என்று பேராசிரியை சொன்னதும் நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன்.

அப்பா தோட்டத்து வேலையாட்களை ஜீப்பில் மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகிறவர். அம்மா இறந்தபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் விடுதிக்கு வந்ததிலிருந்து காலையில் ‘மேல வந்துட்டேன்’, மாலையில் ‘கீழ வந்துட்டேன்’ என்று மெசேஜ் போடுவார். இரண்டாவது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மழைக்காலத்தில் அந்த மலைப்பாதை வளைவுகளில் மண் சரிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அந்தச் செய்திகளையெல்லாம் நேரத்தோடு இறக்கி மென்பொருளில் ஏற்றினேன். கோடு காலையில் ஏறியது, மாலையில் இறங்கியது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. "மேலேன்னா மாடியா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். "உன் தலை" என்றேன்.

ஓர் இடத்தில் கோடு இறங்கவேயில்லை. ஏறியது ஏறியபடியே அடுத்த நாளுக்குள் போனது. அன்று மாலைச் செய்தி இல்லை. தகவல் இல்லாவிட்டால் பழைய நிலையையே இழுத்துக்கொண்டு போகும் மென்பொருள் அது என்று எனக்குத் தெரியும். அது போன வருடத்துத் தேதி என்பதும் தெரியும். ஆனாலும் வராந்தாவுக்கு ஓடி அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்கப்பா?"

"கீழதான் ஆத்தா. டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கேன். என்னா, கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. தேதியைச் சொல்லி, அன்றைக்கு ஏன் மெசேஜ் போடவில்லை என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன்.

"ஏத்தா, அன்னைக்குத்தான ஒனக்குக் காச்சன்னு விடுதில இருந்து போன் வந்துச்சு? ஆளுகள எறக்கி விட்டுட்டு ஜீப்ப நேரா மதுரைக்குல்ல விட்டேன். ஒன் முன்னாடி ஒக்காந்து ரொட்டி ஊட்டிக்கிட்டு இருக்கைல யாருக்கு மெசேஜ் போடுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது, பேராசிரியை என் திரை முன்னால் நின்றிருந்தார்.

"இந்த ஒரு நாள் விடுபட்டிருக்கும்மா. எடுத்துடு. இல்லைன்னா சராசரி நேரத்தப் போட்டுக் கீழ எறக்கிடு."

சரியான யோசனைதான். தேர்வில் கேட்டிருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் உட்கார்ந்து, மேலே, கீழே என்று இரண்டே நிலைகள் இருந்த படத்தில் மூன்றாவதாக ‘என்கிட்ட’ என்று ஒன்றைச் சேர்த்தேன். அன்று மாலைக்கான புள்ளியை அதில் வைத்தேன்.

"ஒரே ஒரு நாளுக்காகவா தனியா ஒரு வரிசை?" என்றார்.

"ஆமா மேடம்" என்றேன்.