நடக்காத மறுநாள் வகுப்பு

வகுப்பில் பேச வேண்டியதை வீட்டில் ஒருமுறை சத்தமாகப் பேசிப் பார்க்காமல் கஜபதி கல்லூரிக்குக் கிளம்பியதில்லை. பேசத் தொடங்குமுன் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். சித்திரைப் புழுக்கத்திலும் சாத்துவார். கல்யாணமான நாளிலிருந்து விஜி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கொரட்டூரில் வாடகை வீடு. அவருடைய அப்பா கூலிக்கு நெல் அறுத்தவர். பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டினார். மகன் அரசியல் தத்துவமும் சட்டத் தத்துவமும் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரி கல்லூரியாகத் தற்காலிக வேலைக்கு அலைந்து, தலை நரைத்த பிறகு ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு பருவம் இருந்தது.

அவர் பாடம் நடத்தும் விதம் தனி. ஒரு நாள் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்காகவே பிறந்தவர்போல வாதாடுவார். மறுநாள் எதிர்ப்பக்கம் நின்று, முந்தின நாள் சொன்னதையெல்லாம் உடைப்பார். தான் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லமாட்டார். விஜியிடமும் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, அநியாயமான சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது என்று வாதாடினார். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் லீவு விட்டார். அடுத்த நாளும் லீவு, அதற்கடுத்த நாளும் லீவு. எதிர்வாதம் நடக்கவே இல்லை. வகுப்பில் யாரோ போனில் பிடித்த ஒரு நிமிஷத் துண்டு மட்டும் லீவு இல்லாமல் ஊரைச் சுற்றியது.

மாடி வீட்டுத் தங்கராஜ்தான் அதை முதலில் சொன்னார். முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு வந்தவர், "இன்னா சார், வாட்ஸப்புல பட்டய கெளப்பிகினு கீறீங்க! சட்டத்துக்குக் கட்டுப்படத் தேவயில்லியாமே? அப்போ நான் இனிமே ஹெல்மெட் போட வேணாம்ல?" என்று சிரித்தார். கஜபதியும் சிரித்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். விஜி காபி டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏங்க, மறுநாளு பேசறத இப்பவே போன்ல பேசி அனுப்பிடுங்களேன்."

"அதையும் துண்டா வெட்டிப் போடுவாங்க விஜி. அப்போ வேற கூட்டம் வாசல்ல வந்து நிக்கும்."

ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைத்தவன், "வாத்தியாரே, ஊடு கொரட்டூர்லதானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அன்றிலிருந்து தெருவில் வண்டி நின்றாலே விஜி ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். வீட்டில் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்று வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

மழை விட்டதும் கல்லூரியிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய பழைய மாணவர் முகமது ஆசிக், இப்போது வக்கீல், பதறிக்கொண்டு வந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது என் கருத்து இல்ல, பாடத்துக்காகப் பேசுனதுன்னு. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"சொல்லிடுங்களேன்," என்றாள் விஜி. "பொய் ஒண்ணும் இல்லியே."

கஜபதி எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். ஒருவேளை அப்படிச் சொன்னால் அது பொய்தானோ என்ற புதுப் பயம் அப்போதுதான் விஜியைப் பிடித்தது.

விசாரணை அன்று அவளும் கூடப் போனாள். கல்லூரி வாசலில் காவலாளி பார்க்கிற பார்வைக்குப் பயந்து பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டாள். அவர் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா கேட்டாங்க?"

"எது உன் கருத்துன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"திங்கக்கிழம பேசுனதுதான்னு சொல்லிட்டேன். மறுநாள் வாதத்த வருஷா வருஷம் நல்லாத்தான் கட்றேன். ஒரு தடவகூட எனக்கே அது நம்பிக்கையா வந்ததில்ல விஜி."

"பயமா இல்லியா?"

"இல்லாம இன்னா. கையக் குடு, பஸ் வருது."

அவள் அவர் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாள்.

கஜபதி இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். கல்லூரி இன்னும் முடிவு சொல்லவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இருவருமே எடுப்பதில்லை.