ராமன் என்று நான் படித்த தூண்

வண்டிக்கார ராமன் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது, நாவிதர் என் முகத்தில் பாதியைத்தான் முடித்திருந்தார். மீதிப் பாதித் தாடியோடு அவர் குடியிருந்த குனோங் ராபாட்டுக்கு ஓடினேன். வந்திருந்தவர்கள் துக்கத்தையும் சிரிப்பையும் சேர்த்து அடக்கப் பாடுபட்டார்கள். என்னை அந்தக் கோலத்தில் பார்த்தும் அவர் எழுந்து சிரிக்காததுதான், அவர் உண்மையிலேயே போய்விட்டதற்கு எனக்குக் கிடைத்த அத்தாட்சி.

ஈப்போ ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் நான் கணக்கெழுதும் கிராணி. தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்ற கிராணி. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், கப்பலிலிருந்து இறங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்று ரயிலில் வந்தது. மேலே ஆங்கிலத்தில் 'ரோமன் காலம்' என்று எழுதியிருந்தது. முத்துவை மூட்டு என்று எழுதும் துரைமார் ராமனை ரோமன் என்று எழுதமாட்டார்களா? ராமன் அண்ணனின் தகப்பன் பெயர் காளிமுத்து. அதைத்தான் 'காலம்' என்று சுருக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என் படிப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"அண்ணே, உங்க பேருக்குப் பெட்டி வந்திருக்கு."

"எனக்கா? ஊர்லேருந்து காயிதம் போடவே ஆளில்ல. பெட்டி போட யாருலா இருக்கா?"

ஆனாலும் பதிவேட்டில் பெருவிரலை உருட்டினார். நாலு மாடு பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் நகர அலுவலகத்திலிருந்து பியூன் வந்தான். காம்பார் ஈயச் சுரங்கத்தில் இருந்த இத்தாலிக்காரர் ஒருவர், ரோமாபுரியின் பழங்காலத் தூண் ஒன்றை ஈப்போவுக்கு அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறாராம். ஆங்கிலத்தில் 'காலம்' என்றால் தூணாம். அது எங்கே என்றான். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஐந்து பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்து நின்றது.

குனோங் ராபாட்டுக்குப் போனால், அண்ணன் பெட்டியைப் பிரித்து, தேங்காய் நாரால் தூணைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி அழாத குறையாக நின்றேன். அவரோ என் கையைப் பிடித்துத் தூணின் பின்பக்கம் வைத்தார்.

"இங்க தடவிப் பாரு. உளி வழுக்கியிருக்கு. ரெண்டாயிரம் வருசமா? அப்பவும் கொத்துறவன் பராக்குப் பார்த்திருக்கான். இவன் பேரு என்ன?"

"தெரியாதுண்ணே. கொடுத்தவர் பேரைத்தான் பலகையில போடுவாங்களாம்."

"செஞ்சவன் பேரு யாருக்குமே தெரியாதா?" அவருக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

மறுநாள் ரயில் நிலையத்துத் துரை நேரிலேயே வந்துவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் மலாயில் பேசினார். கொட்டகையில் மழை ஒழுகியது, கல் கெட்டுவிடுமென்று கிராணியைக் கேட்காமலே, தானே பதிவேட்டில் பெருவிரலை உருட்டிவிட்டு எடுத்து வந்ததாகச் சொன்னார். துரை ஆறு மாதம் அவர் வண்டியை நிலையத்துக்குள் விடவில்லை. அண்ணன் விறகு ஏற்றிக் காலம் தள்ளினார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு அஞ்சு பிள்ள, எனக்கு நாலு மாடு. மாடு பள்ளிக்கூடம் போறதில்லலா."

தூண் இப்போது நகரத் தோட்டத்தில் நிற்கிறது. எல்லோரும் முன்னால் நின்று பலகையைப் படிக்கிறார்கள். நான் பின்பக்கம் போய் அந்த உளி வழுக்கலில் பெருவிரலை வைத்துப் பார்க்கிறேன். யார் செய்தது என்று கேட்கிற அந்தக் குணம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது. இப்போதெல்லாம் எந்தப் பாலத்தைக் கண்டாலும் கேட்கிறேன். என் பிள்ளைகள் கூச்சப்பட்டு நாலடி தள்ளி நடக்கிறார்கள்.

அன்று பாடை கட்டும்போது ஒருவர், "என்னா மனுசன். தொரையோட தூணையே கேக்காமத் தூக்கிட்டுப் போனவராச்சே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாதித் தாடியை மறைப்பதுபோல நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.