சவுண்ட் செக்கில் போன பேர்

மைக் நல்லா வேலை செய்தால் பாட்டுக்காரருக்குக் கைதட்டு, கூவினால் சவுண்ட்காரனுக்குத் திட்டு. இதுதான் எங்கட தொழில். கோயில் திருவிழாவிலயோ கலியாண வீட்டிலயோ ஒருக்காலாவது மைக் கொழுவிப் பாத்த ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். ஒஸ்லோவில ஒரு சின்ன மண்டபத்தில பதினெட்டு வருசமா இந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருக்கிறன். போன கோடைக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில இருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. அவையோட நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ.

இரைச்சல்

குழுவுக்குப் பெரியவர் ரஹ்மத். கமைச்சா எண்டொரு வாத்தியம் வாசிப்பார். பானை மாதிரி வயிறு, கனக்க நரம்பு, வில்லால இழுக்கிறது. அவர் இழுத்த உடன என்ர ஸ்பீக்கரில ஒரு ரீங்காரம். எர்த் பிழைச்சிட்டுதெண்டு நினைச்சு வயரை மாத்தினன், பெட்டியை மாத்தினன், மேடைக்குக் கீழயும் பூந்து பாத்தன். போகேல்ல. கடைசியா மிக்சரில அந்தச் சத்தத்தை மட்டும் தேடிப் பிடிச்சு வெட்டிவிட்டன். எனக்கு என்னிலயே ஒரு பெருமை.

ரஹ்மத் வில்லைக் கீழ வச்சிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. நடுவில சுதா. சென்னைப் பிள்ளை, இஞ்சை கொம்பியூட்டர் வேலை, மொழிபெயர்க்க வந்தவ. வில் படாத நரம்புகளும் சேந்து அதிர்ந்து வாற சத்தம்தானாம் அந்த ரீங்காரம். அவர் சொன்ன மிச்சத்தைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னா: "அண்ணா, நீங்க வெட்டினதுதான் வாத்தியமாம். மிச்சத்த எதுக்கு விட்டு வச்சீங்கன்னு கேக்குறாரு."

மழைப் பாட்டு

அடுத்த நாள் ஒஸ்லோ நகருக்குள்ளயே, குறொன்லாண்டுப் பகுதிக்குக் கிட்ட, வெளி மேடை. ரஹ்மத் மேகத்தை வாவெண்டு கூப்பிடுற பாட்டைப் பாட, கமலா எண்ட பிள்ளை கறுப்புப் பாவாடையோட சுழண்டு ஆடினா. அவையின்ர ஊரில மழை எப்பவாவது ஒருக்காத்தான். ஒஸ்லோ மேகத்துக்கு ஆர் வெத்திலை வச்சு அழைக்க வேணும்? மூண்டாவது அடியிலயே கொட்டத் தொடங்கிட்டுது. நான் பொலித்தீனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராய் ஓடுறன். கமலா நிப்பாட்டேல்ல. முகத்தை நிமித்தி மழையைக் குடிச்சுக்கொண்டு இன்னும் வேகமாச் சுத்துறா.

எங்கட மண்டபப் பொறுப்பாளர் கரி, நோர்வேக்காரி, குடைக்குள்ள நிண்டுகொண்டு மழையை நிப்பாட்டுற பாட்டு ஏதும் இருக்கோ எண்டு கேக்கச் சொன்னா. கமலா தலைமயிரைப் பிழிஞ்சுகொண்டு சொன்ன மறுமொழியைச் சுதா அப்பிடியே தந்தா: "அப்படி ஒண்ணு எங்களுக்கு இதுவரைக்கும் தேவைப்படலையே."

பேர்

கடைசி நாள் நான் வீட்டில இருந்து சோறும் கோழிக்கறியும் கொண்டு போனன். சாப்பிட்டு முடிய ரஹ்மத் என்ர அப்பா, அப்பப்பா பேரெல்லாம் கேட்டார். சோறு போட்ட குடும்பத்தின்ர பேர்களைத் தலைமுறை தலைமுறையாச் சொல்லிப் பாடுறது அவையின்ர வழக்கமாம். மூத்தவர் முதல், இளையவர் பிறகு, சோறு தந்தவன் தன்ர வயசுக்கேத்த இடத்தில, வரிசை பிழைக்கக்கூடாதாம்.

எனக்குத் தெரிஞ்ச பேர் அப்பப்பாவோட முடிஞ்சுது. நகர் ஓரத்தில குரோருட்டில இருக்கிற அப்பாவுக்குப் போன் அடிச்சன். கால் ஏலாமல் வீட்டோட இருக்கிற மனுசன். மூச்சு விடாமல் ஆறு தலைமுறை சொன்னார், சுதா எழுதினா. பிறகு, "ரவியின்ர பேரையும் குடு" எண்டார். ரவி என்ர அண்ணன். ஊரில நடந்த சண்டைக்குள்ள காணாமல் போனவன். அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒருத்தரும் அந்தப் பேரை வாய் திறந்து சொன்னதில்லை. "பதிஞ்சு கொண்டா, நான் கேக்கவேணும்" எண்டார். ஓம் எண்டன்.

பின்னேரம், நிகழ்ச்சிக்கு முதல் மைக்கெல்லாம் சரியோ எண்டு பாக்கிற சவுண்ட் செக். ரஹ்மத் ஏதோ பாடினார். நான் ரீங்காரம் வருதோ, குரல் உடையுதோ எண்டு அதிலயே காதை வச்சிருந்தன். சவுண்ட் செக்கை ஒருத்தரும் பதியிறதில்லை, சிவப்புப் பட்டனை நிகழ்ச்சிக்குத்தான் அமத்துவம். பாடி முடிய அவர் நெஞ்சில கைவச்சுத் தலை குனிஞ்சார். நான் மடையன், சத்தம் சரியெண்டு கட்டைவிரலைக் காட்டினன்.

நிகழ்ச்சியில பேர் ஒண்டும் வரேல்ல. சுதாவைக் கேட்டன். "அப்பவே பாடிட்டாரேண்ணா, நீங்க கேக்கலையா? அது உங்களுக்கு மட்டும்தானாம், டிக்கெட் வாங்கினவங்களுக்கு இல்லையாம்" எண்டா. திருப்பிப் பாடச் சொல்லிக் கேட்டால், காது குடுக்கேல்ல எண்டு ஒத்துக்கொள்ள வேணும். வெக்கத்தில திரும்பி வயரைச் சுத்தத் தொடங்கினன். விடிய அவை அடுத்த நிகழ்ச்சிக்கு ஸ்தவாங்கர் நகருக்குப் போயிட்டினம். அண்டைக்குக் கேக்காமல் விட்டதை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பொறுக்குதில்லை.

அப்பாவிட்டைப் போய், பதியிறது பிழைச்சுப் போச்சு, ஆனால் நான் வடிவாக் கேட்டனான் எண்டு சொன்னன். "ரவியின்ர பேர் எங்கை வந்தது?" எண்டார். எனக்குச் சட்டெண்டு வேறொண்டும் வரேல்ல, கடைசியா வந்தது எண்டன். அப்பா என்னை ஏசேல்ல. சாறத்தின்ர தலைப்பை நீவிக்கொண்டு மெதுவாக் கேட்டார்: "கடைசியாவோ? அவன் உனக்கு மூத்தவனெல்லோ, தம்பி."

பதினெட்டு வருசமா ஊருக்கெல்லாம் கேக்கப் பண்ணுறவன் நான், கேக்கிறது வேற வேலை எண்டு எனக்கு ஒருத்தரும் பழக்கேல்ல.