வெள்ளையடிக்காத ஒரு போகி

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வார்டுபாய் சைக்கிளில் வந்து, "நம்ம டாக்டரம்மா தவறிப் பூட்டாங்க சார்" என்றார். நான் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் கை கழுவினேன். டாக்டரம்மாவை அறிந்தவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

அறுபதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருடம் அவருடைய ஆராய்ச்சிக்குப் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துக் கொடுத்தவன் நான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நெல் மில் குடியிருப்புகளில் சுவரெல்லாம் பூஞ்சணம். பிள்ளைகளுக்கு ஓயாத மூச்சிழுப்பு. பூஞ்சணத்தை எதிர்த்து ரத்தத்தில் உண்டாகும் பொருள், பிள்ளை வளர வளர ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், அதே பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும் ஊசி. முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பார். அந்த உழைப்பை இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கன்னியம்மா, எட்டு வயது. நான்காவது தடவை நாங்கள் போனபோது அவள் தாய் முனியம்மா சுண்ணாம்பு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். போகி வருகிறதே. டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சுண்ணாம்பு அடிச்சா பூஞ்சணம் போயிடும். சுவர் மாறக் கூடாதும்மா. பிள்ளை மட்டும்தான் வளரணும். அடுத்த வருஷம் ரத்தம் எடுத்தப்புறம் அடிச்சுக்கோ" என்றார்.

வெளியே வந்ததும், "குழந்தைக்கு இழுப்பு அதிகமா இருக்கு மேடம்" என்றேன்.

"வளர்ந்தா அடங்கிடும். அடங்குதான்னு தெரியத்தானே இத்தனை பாடு?"

சரி மேடம் என்று தலையாட்டினேன். அதோடு நின்றேனா? மறுநாள் அவர் அனுப்ப, நானே போய் முனியம்மாவிடம் இன்னொரு முறை சொன்னேன். "பெரிய டாக்டரு சொன்னா சரிதான் சார்" என்று, ஊறிய சுண்ணாம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வரிசையில் அவள் வீடு மட்டும் அப்படியே இருந்தது.

மாசியில் கன்னியம்மா மூச்சு முட்டிச் செத்தாள். நான் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷ ரத்தம் வீணாப் போச்சே" என்றார். அன்று அவர் அழுததாகப் பலர் உருகிப் பேசுகிறார்கள். அழுதார்தான். எதற்கென்று எனக்குத் தெரியும்.

குழந்தையின் காரியத்தன்று போயிருந்தேன். முனியம்மா என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள். "சின்னது ஒண்ணு கீது சார். அதுக்கும் இழுக்குது. இப்பவாச்சும் சுண்ணாம்பு அட்ச்சிக்கலாமா?"

"டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவரிடமிருந்து நான் கற்றவற்றில் இன்னும் என்னிடம் இருப்பது அன்று நான் சொன்ன அந்தப் பதில்தான்.