ஸ்பீக்கர் டீச்சரின் வணக்கப் பாட்டு

அந்த மழலையர் பள்ளியில் பெற்றோர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஸ்பீக்கர் டீச்சர்’. அவர் பாட ஆரம்பித்தால், மணி ஒன்பதாகிவிட்டது என்று தெருமுனை மருந்துக்கடைக்காரர் கதவைத் திறப்பார். சுருதி ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். ஆனால் அத்தனையும் பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தில் வரும் சத்தம்.

பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் அவர்களுடைய பெயர் அட்டைகள். “வணக்கம் வணக்கம், யாரு வந்திருக்கா?” என்று டீச்சர் ஒரு பெயரைப் பாடியதும், அந்தப் பிள்ளை தன் அட்டையை எடுத்துச் சுவர்க் கொக்கியில் மாட்ட வேண்டும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள், ஒருத்தியைத் தவிர. டீச்சர் அவளைச் செல்லமாக ‘அமுக்குணி’ என்பார். பை அலமாரியின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, ஒவ்வொரு பைக்கு மேலும் ஒட்டியிருக்கும் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பெயரைப் பாடினால் தலையைக் குனிந்துகொள்வாள். காதில் விழவில்லையோ என்று டீச்சர் இன்னும் ஓங்கிப் பாடுவார்.

“தன் பேரே தெரியலைன்னா எப்படி? வெள்ளிக்கிழமைவரைக்கும் பாப்போம். அப்புறம் கைக்குழந்தைங்க அறைக்கே அனுப்பிடலாம்” என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

சலவைக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வீட்டுல வாய் ஓயாம பேசுறா டீச்சர். இங்க வந்தா என்ன ஆகுதுன்னே தெரியலை.”

“நான் இருக்கேன்ல, அழாதீங்கம்மா” என்றார் டீச்சர். சொல்லிவிட்டாரே தவிர, என்ன செய்வதென்று அவருக்கும் பிடிபடவில்லை.

பழைய அட்டைகள் அழுக்கேறிக் கிடந்தன. எழுத்து பளிச்சென்று தெரிந்தாலாவது எடுப்பாளோ என்று எல்லாருக்கும் புது அட்டை செய்து, வெள்ளிக்கிழமை காலை பாயில் பரப்பினார். முதலில், எல்லாரும் ‘வாலு’ என்று கூப்பிடும் பையனின் பெயரைப் பாடினார். அவன் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“என்னோடதைக் காணோம் டீச்சர்!”

“இதோ இருக்கே, கண்ணா.”

“இது இல்ல. என்னோடதுல மூலையைக் கடிச்சு வச்சிருந்தேன்.”

“என்னோடதுல பெயிண்ட் ஒட்டியிருக்கும்” என்று சிணுங்கினாள் இன்னொருத்தி.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. இத்தனை நாளும் இதுகள் எழுத்தைப் பார்க்கவே இல்லை, அழுக்கைப் பார்த்து எடுத்திருக்கின்றன! அந்த நேரம் பார்த்து, அமுக்குணியின் பையை எடுத்துப்போகத் தலைமை ஆசிரியை வேறு வந்து நின்றார். டீச்சர் பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அறை அமைதியானது. அமுக்குணி எழுந்து வந்தாள். ஓர் அட்டையை எடுத்து வாலுவின் மடியில் வைத்தாள். அடுத்ததைச் சிணுங்கியவளிடம் கொடுத்தாள். அலமாரியைப் பார்த்துப் பார்த்தே எல்லாப் பெயரும் அவளுக்குப் பழகியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் பாயில் அவள் அட்டை மட்டும் மிஞ்சியது.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பெயரைப் பாட மூச்சை இழுத்தார். உடனே அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“மெதுவா டீச்சர். காது வலிக்குது.”

முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தவர், அவளைச் சொல்ல எங்கே விட்டோம் என்று அப்படியே அடங்கினார். மண்டியிட்டு, அவள் காதோரம், அவளுக்கு மட்டும் கேட்கும்படி பாடினார். சுருதி அப்போதும் சேரவில்லை.

அவள் அட்டையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். தலைமை ஆசிரியை பையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அமுக்குணி திரும்பி வந்து டீச்சரின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.