அண்ணி பிடித்த கை

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கஸில் பார் விளையாட்டுதான் வேலை. நான் தாவுவேன், எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியபடி என் கணவர் பிடிப்பார். வில்லியனூரில் அறுவடை முடிந்த வயலில் கூடாரம் போட்டிருந்தபோது அவருக்குத் தோள் பிசகிவிட்டது.

"நான் புடிக்கிறேன்" என்றார் அவருடைய அக்கா; நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெண் பிடிப்பதை எங்கள் சர்க்கஸில் யாரும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, மீன் குழம்புக்காகச் சண்டை போட்டு அண்ணியும் நானும் பேச்சை நிறுத்தியிருந்தோம்.

எப்போது தாவ வேண்டும் என்று பிடிப்பவர்தான் குரல் கொடுக்க வேண்டும். ஒத்திகையில் அண்ணி வாய் திறக்காமல் கையை மட்டும் தட்டினார். ஒவ்வொரு முறையும் நேரம் தப்பி வலையில் விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்குக் கூடாரம் நிரம்பிவிட்டது. மேலே ஏறியவள் ஊஞ்சலைப் பிடித்தபடி கீழே வலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"இன்னாடி பாக்குற? நான் கீறேன் இல்ல, வாடி!"

தாவினேன். அந்தரத்தில் கரணம் போட்டு நீட்டிய என் மணிக்கட்டுகளை அண்ணி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூட்டம் விசிலடித்தது. கீழே என் கணவர் கட்டுப் போட்ட கையை மறந்து குதித்தார்.

"இன்னொரு தபா போலாமாடி?" என்றார் அண்ணி, ஆடிக்கொண்டே.

"ரெண்டு கரணமா போடறேன் அண்ணி!"

போட்டேன். அதையும் பிடித்தார். அன்றிலிருந்து எங்கள் சர்க்கஸில் பிடிப்பவர் அண்ணிதான்.