வீட்டுக் குளத்தில் விளைந்த உப்பு

என் மீன்களைக் கொன்றவர், குளம் கட்டித் தந்த அந்த ஆள்தான்.

கண்டக்குழியில் எங்கள் புது வீட்டின் மண்டபத்துக்குள் பெரிய உப்புநீர்க் குளம் கட்ட ஆசைப்பட்டேன். கொழும்பிலிருந்து வந்தவர் கல் அடுக்கி, பாசி நட்டு, மீன் விட்டு அழகாகத்தான் செய்தார். போகும்போது, "தண்ணி வத்தினா என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"கடலோரக் களப்புத் தண்ணிய அள்ளி ஊத்துங்க, நானா. கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே வேணும்!" என்று சிரித்தார்.

வெயில் காலம் முழுக்க வாளி வாளியாக ஊற்றினேன். மீன்கள் சோர்ந்து, ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. போன் பண்ணினால், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

ஒருநாள் குளத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை மனைவி சுரண்டிக் காட்டினாள். "உப்பளத்துல வேல செய்யிறது போதாதெண்டு ஊட்டுக்குள்ளயும் உப்பு விளைய வெச்சிருக்கீங்க. இனி இதுல கருவாடுதான் எடுக்கலாம்!"

அப்போதுதான் உறைத்தது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அந்த வேலையில்தான் நான் சோறு தின்கிறேன். பெரிய ஆள் சொல்கிறார் என்று நம்பி அதையே மறந்துவிட்டேன்.

இப்போது வற்றிய அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன். உப்பை அளந்து பார்க்காமல் ஒரு மீனும் விடுவதில்லை.

அவரோ குளம் கட்டி முடித்த அன்று எடுத்த காணொளியை இணையத்தில் காட்டி இன்னும் ஆள் பிடிக்கிறார். அவரிடமே கேட்கிறேன்: அதில் நீந்துகிற மீன்கள் எல்லாம் செத்துவிட்டன, ஐயா. களப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னீரா, இல்லையா? அதே காணொளியின் கீழே, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதும்.